இடது காறை எலும்பு

திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில் நான் சின்ன டாக்டராக இருந்த வருஷங்களில், உயிரோடு இருக்கிறவர்களைவிடச் செத்தவர்களைத்தான் அதிகம் பார்த்தேன் என்று என் மனைவி சொல்லுவாள். அது முழு உண்மை இல்லை. ஆனாலும் நான் மறுத்ததில்லை. மறுத்துப் பேசவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. கிணற்றில் விழுந்தவர்கள், வரப்புத் தகராறில் வெட்டுப்பட்டவர்கள், அரளி விதையை அரைத்துக் குடித்தவர்கள், தண்டவாளத்தில் தலை வைத்தவர்கள் என்று சுற்றுவட்டாரத்தில் யார் எப்படிச் செத்தாலும் கட்டை வண்டியில் போட்டு எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அறுத்துப் பார்த்து, தைத்து, கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனால், கொல்லைப்புறமாக வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது என் மனைவியின் சட்டம். கோடையில் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். ஒரு பிணத்துக்கு எத்தனை வாளி இறைக்க வேண்டியிருக்கிறது என்று சலித்துக்கொண்டே இறைப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஓரிரு வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். யுத்தம் வந்தது. டாக்டர்களில் பாதிப் பேர் பட்டாளத்துக்குப் போனார்கள், மீதிப் பேரை இருந்த இடத்தில் ஆணி அடித்து வைத்துவிட்டார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரையும் பட்டாளத்துக்குப் போயிற்று. காய்ச்சல் மட்டும் எங்களுக்கு மிஞ்சியது. யுத்தம் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். முடிந்தது. அரிசி ரேஷனிலேயே இருந்தது, மழை பொய்த்தது, நான் திண்டிவனத்திலேயே இருந்தேன்.

அந்தக் கோடையில் ஒலக்கூர்ப் பக்கம் ஒரு ஏரி அடியோடு வற்றிப் போனது. நடு ஏரியில், காய்ந்து வெடித்த சேற்றிலிருந்து ஒரு ஏரோப்ளேனின் வால் வெளியே வந்தது.

ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் அது விழுந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொன்னால் போலீஸ் வரும், பட்டாளம் வரும், சாட்சி சொல்ல ஆள் கேட்பார்கள், நடவு நேரத்தில் ஊரே வேலையை விட்டுவிட்டுத் தாலுகா கச்சேரி வாசலில் நிற்க வேண்டிவரும். வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்ட தகட்டை அறுத்து எடுத்து, திண்டிவனத்தில் பாத்திரம் செய்கிற ஒருவனிடம் போட்டார்கள். அவன் அதை உருக்கிக் கரண்டியும் சட்டியும் செய்தான். இவ்வளவு நல்ல அலுமினியம் இந்தக் காலத்தில் எங்கிருந்து வந்தது என்று யாரோ கேட்டுவைக்க, விஷயம் போலீஸுக்கும் அங்கிருந்து மெட்ராஸுக்கும் போயிற்று. எங்கள் வீட்டிலும் அந்தச் சட்டி ஒன்று இருந்தது. விஷயம் தெரிந்ததும் என் மனைவி அதை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாள்.

மெட்ராஸிலிருந்து வந்தவர் ஓர் இளம் ஆங்கிலேயக் கேப்டன். காணாமல்போன விமானிகளைத் தேடி, கிடைத்ததை அடையாளம் கண்டு, ஒழுங்காக அடக்கம் செய்வதற்கென்றே பட்டாளத்தில் ஒரு பிரிவு இருந்ததாம். உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து, சட்டைக் காலரை விரலால் விலக்கிக்கொண்டே பேசினார். ஊருக்குப் போகும் கப்பலை நினைத்துக்கொண்டு நாளைத் தள்ளுகிற மனிதர் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. எலும்பைப் பார்த்துச் சொல்லவும், பேச்சை மொழிபெயர்க்கவும் உள்ளூர் டாக்டர் ஒருவர் வேண்டும் என்றார். பெரிய டாக்டர் என்னைக் கை காட்டினார். இம்மாதிரி வேலைகளுக்கு அவர் கை என்னைத் தவிர வேறு யாரையும் காட்டியதில்லை.

போகிற வழியில் கேப்டன் விவரம் சொன்னார். அந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை, மெட்ராஸ் பக்கத்திலிருந்து இரண்டு சண்டை விமானங்கள் கடலோரமாக ரோந்து புறப்பட்டன. இரண்டும் ஒரே மாதிரி, ஒவ்வொன்றிலும் ஒரே ஆள். மழையில் ஒன்றை ஒன்று தவறவிட்டுவிட்டன, இரண்டுமே திரும்பவில்லை. ஒன்றை ஓட்டியவன் இங்கிலாந்துக்காரன். இன்னொன்றை ஓட்டியவன் விழுப்புரம் ரயில்வே காலனியில் இருக்கிற ஒரு கூட்ஸ் வண்டி டிரைவரின் மகன். ஏரியில் கிடப்பது இந்த இருவரில் யார் என்பதுதான் கேள்வி. இஞ்சினில் நம்பர் இருக்கும், அதைப் பார்த்தால் போதும் என்றார். இஞ்சின் சேற்றுக்குள் ஆளுயரத்துக்கும் கீழே போயிருந்தது. மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே களி. தோண்டத் தோண்டச் சரிந்து மூடிக்கொண்டது. ஊரிலிருந்த மாடுகளையெல்லாம் பூட்டி வடம் கட்டி இழுத்தார்கள். வடம் அறுந்து, மாடுகள் முட்டிபோட்டு விழுந்தன. அதோடு இஞ்சினை விட்டுவிட்டோம்.

ஆளைப் பற்றி விசாரித்தபோதுதான் சேரியிலிருந்து வெட்டியானை அழைத்து வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த, நேராக நிற்கிற மனிதன். விமானம் விழுந்து சில நாள் கழித்துப் பிணம் மிதந்து வந்து ஏரிக் கரையோரம் ஒதுங்கியதாம். ஊதிப்போய், மீன் கடித்து, வெள்ளைக்காரனா நம் ஆளா என்று சொல்ல முடியாத நிலை. ஊர்ச் சுடுகாட்டில் வைக்கக் கூடாது, என்ன சாதியோ என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். அப்படியே போட்டுவிட முடியுமா, நாய் இழுக்கும் என்று சேரிக்காரர்கள் தூக்கிப்போய்த் தங்கள் இடுகாட்டில் ஒரு ஓரமாகப் புதைத்தார்கள். வாய்க்கரிசி போட்டு, குடம் உடைத்து, ஒரு பெரியவர் மகன் ஸ்தானத்தில் நின்று எல்லாம் முறையாகச் செய்ததாக வெட்டியான் சொன்னான்.

கேப்டன் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு விமானியின் கழுத்திலும் கயிற்றில் கோத்த இரண்டு வில்லைகள் இருக்கும், அதில் பேரும் நம்பரும் பொறித்திருக்கும், அது எங்கே?

நான் கேட்டேன். வெட்டியான் யோசிக்கவே இல்லை.

“தாயத்து மாதிரி தொங்குச்சுங்க. அறுத்துட்டோம். கட்டோட பொதைக்கக் கூடாதுங்களே. கட்டோட பொதைச்சா உசுரு போவ முடியாம அங்கியே சுத்திக்கினு கெடக்கும்.”

எனக்கு இது புதிதில்லை. எங்கள் பக்கத்தில் பிணத்தைக் குழியில் இறக்குவதற்கு முன்னால் கால் கட்டு, கை கட்டு, வாய்க் கட்டு எல்லாவற்றையும் அவிழ்ப்பார்கள், அரைஞாண் கயிற்றை அறுப்பார்கள். உடம்பில் ஒரு முடிச்சு இருக்கக் கூடாது. இந்த மனிதன் வந்து ஒதுங்கியபோது உடம்பு முழுக்க முடிச்சாக இருந்திருக்கிறான். தோளில் பாராசூட் வார், இடுப்பில் வார், தொடையில் வார், மார்பில் கொக்கி, பூட்ஸில் கயிறு. அத்தனையையும் சேரி ஆட்கள் பொறுமையாக உட்கார்ந்து அவிழ்த்திருக்கிறார்கள். அவிழ வராததை அரிவாளால் அறுத்திருக்கிறார்கள். கடைசியாகக் கழுத்துக் கயிற்றை அறுத்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி ஏரியிலேயே விட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்நிய மனிதனுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று அவ்வளவு சிரத்தை. அந்தச் சிரத்தையில்தான் அவன் பேர் போயிற்று.

கேப்டனுக்கு இதை ஆங்கிலத்தில் சொல்வது எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. திருட்டா என்று கேட்டார். இல்லை, மரியாதை என்றேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஆட்களை விட்டுச் சேற்றைக் கிளறச் சொன்னார். ஒரு பித்தளைக் கொக்கி கிடைத்தது. வில்லைகள் அட்டை மாதிரி ஒரு பொருளில் செய்தவையாம், மக்கிப் போயிருக்கும். ஏதாவது தப்பு செய்துவிட்டோமா என்று வெட்டியான் என்னைக் கேட்டான். ஒன்றும் தப்பில்லை, நன்றாகத்தான் செய்திருக்கிறாய் என்று சொன்னேன். சொன்னபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. யார் மேல் எரிச்சல்படுவது என்று தெரியாததுதான் அதில் பெரிய தொல்லை.

குழியைத் திறப்பதற்கு முன்னால் விழுப்புரத்திலிருந்து பெற்றோரை வரவழைத்தார்கள். பாசஞ்சர் வண்டியில் ஒலக்கூரில் வந்து இறங்கினார்கள். நான் போய் அழைத்து வந்தேன். அவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. விரல் இடுக்குகளில் மட்டும் எத்தனை தேய்த்தாலும் போகாத கரி. அந்த அம்மாள் கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். அதில் சலவை செய்து மடித்த வெள்ளைப் போர்வை இருந்தது.

அவர்கள் குடும்பம் வளவனூர்ப் பக்கம் பண்ணையில் கூலி வேலை செய்த குடும்பம். அவருடைய அப்பா காலத்தில் கிறிஸ்தவர்களானவர்கள். இவர் சின்ன வயதில் விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் கரி அள்ளுகிற ஆளாகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, கூட்ஸ் டிரைவர் வரை வந்தவர். மகனைப் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, மெட்ராஸ் காலேஜ் வரை படிக்க வைத்தார். அவன் படிப்பை முடித்த கையோடு விமானப் படைக்குப் போய்விட்டான். இதையெல்லாம் அவர் வண்டியில் வரும்போதே சொன்னார். சொல்லி முடித்து, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்.

“இது எம் பையனா இருக்காதுங்க டாக்டரய்யா. அவனுக்குப் போட்ட ரூட்டு கடலோரம். இங்க அவனுக்கு என்னாங்க வேலை? அன்னிக்கி விழுப்புரம் பக்கம் ஒரு பிளேனும் வரலைங்க. ஷெட்டுல ஒருத்தர் வுடாம கேட்டுட்டேன்.”

விழுப்புரத்தைப் பற்றி நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. வண்டி குலுக்கலில் இடுப்பு வலித்துக்கொண்டிருந்ததால் அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த அம்மாள் நேர் எதிர். வந்து இறங்கியதிலிருந்தே, எங்கள் பையன்தான் என்றாள். குழி இன்னும் திறக்கவில்லையே அம்மா என்றேன். திறங்க, எங்கள் பையன்தான் என்று மறுபடியும் சொன்னாள். அழவில்லை. இதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது. எத்தனையோ தாய்மார்களைப் பிணவறை வாசலில் பார்த்திருக்கிறேன். முகத்தை நேரே காட்டினாலும் இது என் பிள்ளை இல்லை என்பார்கள். அப்பாக்கள்தான் முதலில் தலையை ஆட்டுவார்கள். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவனை விழுப்புரத்துக்குக் கொண்டுபோய் அங்கே கல்லறைத் தோட்டத்தில் வைக்க வேண்டும். கேப்டனிடம் கேட்டுச் சொன்னேன். அவர்கள் மகன்தான் என்று உறுதியானால் தாராளமாகக் கொண்டுபோகலாம். உறுதியாகவில்லை என்றால் மெட்ராஸில் பட்டாளத்துக் கல்லறைக்குப் போகும், அங்கே பேரில்லாத கல் ஒன்று வைப்பார்கள். அவள் அதைக் கேட்டுவிட்டுப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

எலும்பைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். பார்த்தபிறகு கேட்டால் ஜனங்கள் பார்த்ததையே நினைவென்று சொல்லுவார்கள். இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். சின்ன வயதில் எலும்பு கிலும்பு முறிந்ததுண்டா? அம்மாள் உடனே சொன்னாள்: ஒன்பது வயதில் சிக்னல் கம்பத்தில் ஏறி விழுந்தான், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் காறை எலும்பு முறிந்தது, கழுத்திலிருந்து துணியால் தொட்டில் கட்டிக் கையை நாற்பது நாள் அதில் வைத்திருந்தோம், இடது பக்கம். அப்பாவும் அதே கம்பத்தைச் சொன்னார், அதே தொட்டிலைச் சொன்னார். எந்தப் பக்கம் என்றேன்.

“வலதுங்க,” என்றார்.

எனக்குச் சலிப்பாகப் போயிற்று. பெற்ற பிள்ளை எந்தத் தோளைக் கட்டிக்கொண்டு நாற்பது நாள் வீட்டில் திரிந்தான் என்பதுகூடவா ஒரு மனிதனுக்கு மறந்துபோகும் என்று நினைத்தேன். பிறகு, இரவும் பகலும் வண்டி ஓட்டுகிறவர், எத்தனை நாள் வீட்டில் இருந்திருப்பார் என்றும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் குழியைத் திறந்தோம். வெட்டியான் மண்வெட்டியைத் தரையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, கிடக்கிறவனிடம் எழுப்புவதற்கு மன்னிப்புக் கேட்டான். பாதி ஆழத்துக்குமேல் மண்வெட்டியைத் தொடாமல் கையாலேயே மண்ணை அள்ளினான். கோரைப்பாயை விரித்து, அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க நான் வாங்கி வரிசையாக அடுக்கினேன். முடிச்சில்லாமல் புதைத்ததால் ஒன்றோடொன்று சிக்காமல் எல்லாம் ஒழுங்காகவே கிடந்தன. வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். நடுத்தர உயரம். கேப்டனைக் கேட்டேன், இரண்டு பேருமே நடுத்தர உயரம்தான் என்றார். இரண்டு பேருக்குமே வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று.

வலது காறை எலும்பு கிடைத்தது. வழவழப்பாக, நேராக இருந்தது. இடது எலும்பைத் துடைத்தபோது நடுவில் ஒரு முண்டு தட்டுப்பட்டது. முறிந்த இரண்டு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அப்படியே கூடியிருந்தது. சின்ன வயதில் முறிந்து, சரியாகப் பொருத்தாமல் கட்டினால் இப்படித்தான் கூடும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே சொல்லிவிடலாம்.

எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. கேப்டனுக்கு இருந்தது. தாய் இடது என்கிறாள், தகப்பன் வலது என்கிறார். அந்த இங்கிலாந்துக்காரனோ முரட்டுப் பந்தாட்டக்காரன், அவனும் எலும்பை முறித்துக்கொண்டிருக்கலாம், அவனைப் பற்றித் தன்னிடம் தகவல் இல்லை என்றார். பேர் போடாமல் விட்டால் ஒரு தாய்க்கு வருத்தம், தப்பாகப் போட்டால் இரண்டு தாய்க்கும் துரோகம் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லட்டும், நான் பேரை எழுதுகிறேன் என்றார். இல்லையென்றால் சாயங்கால ரயிலில் பெட்டி மெட்ராஸுக்குப் போகும்.

நான் தகப்பனாரைத் தேடிக்கொண்டு போனேன். அவர் குழிப் பக்கமே வரவில்லை. ஏரிக் கரைமேல் பனைமரத்து நிழலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் வயல்களுக்கு அப்பால் ரயில் பாதை தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயிலில் நின்று எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது, சுற்றி வளைத்துப் பேசத் திராணி இல்லை. முண்டு இருப்பது இடது பக்கம், உங்களுக்கு நிஜமாகவே மறந்துவிட்டதா என்று கேட்டேன்.

பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

“மறக்கலைங்க. எடது தோளுதான். நான்தாங்க தோள்ல தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். நான்தாங்க அவன வரச் சொன்னேன்.”

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பண்ணையாள் வீட்டுப் பிள்ளை தனி ஆளாக ஏரோப்ளேன் ஓட்டுகிறான் என்பதை ஷெட்டில் யாரும் நம்பவில்லையாம். உன் மகன் ஏரோப்ளேனை ஓட்டுகிறானா, துடைக்கிறானா என்று கேட்டுச் சிரிப்பார்களாம். அவன் கடைசியாக லீவில் வந்தபோது இவர் சொல்லியிருக்கிறார், ஒரே ஒரு தரம் நம் காலனி மேலே பறந்து காட்டிவிட்டுப் போ, இவன்கள் வாயை அடைக்க வேண்டும் என்று. ரூட்டை விட்டு வரக்கூடாதே அப்பா என்று அவன் சிரித்திருக்கிறான். கிளம்புகிற அன்று, பார்க்கலாம் என்றானாம். அடுத்த மாதம் காணாமல்போய்விட்டான்.

அன்றைக்கு ஷெட்டில் யாரும் விமானத்தைப் பார்க்கவில்லை, சத்தம்கூடக் கேட்கவில்லை. இஞ்சின்களின் இரைச்சல், மழை வேறு விட்டு விட்டுக் கொட்டிக்கொண்டிருந்ததாம். அதை வைத்துக்கொண்டுதான் அவர் மூன்று வருஷம் தள்ளியிருக்கிறார். மகன் வரவில்லை, கடலோரமாகவே போனான், கடலில் விழுந்தான். கடலில் விழுந்தால் அது யுத்தம். இந்த ஏரியில் விழுந்தால் அது அப்பா.

“இது அவன்னா, எதுக்கு இவ்ளோ தூரம் உள்ள வந்தான்னு அவ கேப்பாளே. நான் என்னாங்க சொல்லுவேன்?”

பிடிவாதக்காரர் என்று அதுவரை அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு வடிந்துபோயிற்று. அவர் வாயை வலுக்கட்டாயமாகத் திறக்க என்னால் ஆகாது என்பதும் தெரிந்தது. எலும்பு இருக்கிற பக்கத்தை நான் மாற்ற முடியாது, நீங்கள் சொல்லாவிட்டால் அவனுக்குப் பேர் கிடையாது, அவ்வளவுதான் என்று மட்டும் சொன்னேன். ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை. அத்தனை வருஷம் பிணவறை வாசலில் சொல்லிச் சொல்லி என்னிடமிருந்த ஆறுதல் தீர்ந்துபோயிருந்தது.

வெட்டியானின் மனைவி எங்களுக்குக் கேப்பைக் கூழ் கொண்டுவந்தாள். விமானம் விழுந்த அன்று இந்தக் கரைக்குக் கீழே நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்களில் அவளும் ஒருத்தி. கூழை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவர் அவளிடம் கேட்டார், அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று. வேண்டாம், கேட்காதீர்கள் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

“தெக்காலேருந்துங்க,” என்றாள். “ரயிலு ரோட்ட புடிச்சிக்கினே தாழ வந்துச்சு. மெட்ராஸ் பக்கமா போய்க்கினு இருந்துச்சு. இங்க வந்ததும் சத்தம் நின்னு போச்சுங்க. அப்படியே ஏரிப் பக்கம் சாஞ்சுது.”

அவர் ரயில் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுப்புரம், முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம், ஒலக்கூர் என்று அவர் உதடு ஸ்டேஷன் ஸ்டேஷனாக முணுமுணுத்தது. எத்தனையோ வருஷம் அவர் வண்டி ஓட்டிய பாதை. மழையில் வழி தெரியாதவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். அதுவும் விழுப்புரத்துக்குப் போகும்போது அல்ல, போய்விட்டுத் திரும்பும்போது.

கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தார். அதுவரை நான் பார்த்த மனிதர் இல்லை அவர். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அவன் வந்திருக்கிறான், சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான், அன்றைக்கு நான் காட்பாடி லைனில் இருந்தேன், ஒருத்தருமே பார்க்கவில்லையே, யாருமே தலை நிமிர்ந்து பார்க்காமல் என் பிள்ளை வந்து சுற்றிவிட்டு வீணாகச் செத்துப்போனானே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வந்ததைவிட, வந்ததை யாரும் பார்க்காததுதான் அவரை அப்படி உடைத்துப்போட்டது.

அந்த அம்மாள் கரைமேல் ஏறி வந்திருந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“நான் பாத்தேங்க,” என்றாள்.

அவர் துண்டை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“கொடியில துணி கெடந்துது, மழை வருதேன்னு எடுக்க வந்தேன். நம்ம வூட்டு மேலதான் சுத்துனான். ரெக்கைய இப்படியும் அப்படியும் ஆட்டுனான். வேற எவன் நம்ம வூட்டு மேல வந்து ஆட்டப் போறான்? கையில இருந்த துணிய நானும் ஆட்டுனேன். பாத்துட்டுத்தான் போனான்.”

மூன்று வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள். அவன் லீவில் வந்தபோது இவர் கேட்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. காணவில்லை என்று தந்தி வந்த அன்றே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொன்னால் நீங்கள் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருப்பீர்கள், இரண்டு பேரையும் சேர்த்து நான் எங்கே போய்த் தேடுவேன் என்றாள். குரலில் கோபம் இல்லை. மூன்று வருஷம் ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வைத்துக்கொண்டு சோறு பரிமாறியிருக்கிறார்கள், சாப்பிட்டிருக்கிறார்கள். ஷெட்டில் ஒருவர் விடாமல் கேட்டவர் வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

நான் எழுந்து சற்றுத் தள்ளிப் போய் நின்றேன்.

அவர் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தாழவா பறந்தான்?”

“வேப்பமரத்து எலையெல்லாம் ஆடிச்சுங்க,” என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். கரையிலிருந்து இறங்கி, பாய் விரித்திருந்த இடத்துக்கு நடந்து போனார். அதுவரை பார்க்காத எலும்புகளைப் பார்த்தார். பிறகு கேப்டனுக்கு முன்னால் போய் நின்று, இடது தோள் என்று தானே ஆங்கிலத்தில் சொன்னார்.